டி.என்.ஏ: படத்தில் பாகம் குறித்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள்

'டி.என்.ஏ-வின் அமைப்பைப் படத்துடன் விளக்குக' என்ற கேள்வி வந்தால், பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவர் பத்து நிமிடத்தில் விடையை முடித்துவிடுவார். ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும் இரண்டு இழைகள். வெளிப்பக்கம் சர்க்கரையும் பாஸ்பேட்டும், உள்பக்கம் நான்கு வகை நைட்ரஜன் காரங்கள். அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின். முதல் ஜோடிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, இரண்டாவதற்கு மூன்று. சுருளின் அகலம் 2 நானோமீட்டர், ஒரு முழுச் சுற்றுக்கு 3.4 நானோமீட்டர். எல்லாம் சரி, மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும்.

அதே மாணவரிடம் ஏன் இரண்டு இழை, ஒன்று போதாதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஏன் எதிரெதிர் திசையில் ஓட வேண்டும்? டி.என்.ஏ-விலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ-வில் யுராசில் இருக்கிற இடத்தில் டி.என்.ஏ-வில் மட்டும் ஏன் தைமின்? பெரும்பாலும் பதில் வராது. இதற்கு மாணவரைக் குறை சொல்ல முடியாது. பாடம் அமைப்பை ஓர் இடத்தில் சொல்கிறது, வேலையை வேறோர் இடத்தில் சொல்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க நேரம் கொடுப்பதில்லை. ஆனால் டி.என்.ஏ விஷயத்தில் அமைப்பைப் புரிந்துகொண்டால் வேலையில் பாதி தானாகவே புரிந்துவிடும். 1953-ல் அந்த அமைப்பு வெளியானபோது உயிரியலாளர்கள் அவ்வளவு பரபரப்பு அடைந்ததற்கும் அதுதான் காரணம். அதனால் அந்தப் படத்தை மறுபடி எடுத்து, ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

80 ஆண்டு கவனிக்கப்படாத பொருள்

மெண்டல் தன் பட்டாணிச் செடி ஆய்வை 1866-ல் வெளியிட்டார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1869-ல், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரெட்ரிக் மீஷர் என்ற இளம் ஆய்வாளர், காயத்துக்குக் கட்டிய துணிகளில் இருந்த சீழிலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்தார். அவற்றின் உட்கருவில் பாஸ்பரஸ் நிறைந்த ஒரு பொருள் இருப்பதைக் கண்டு அதற்கு 'நியூக்ளீன்' என்று பெயர் வைத்தார். இன்று நாம் டி.என்.ஏ என்று சொல்வது அதைத்தான். மெண்டல் கண்ட விதிகளும் மீஷர் கண்ட பொருளும் ஒரே விஷயத்தைச் சேர்ந்தவை என்பது உறுதியாக ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின.

இவ்வளவு தாமதத்துக்கு முக்கியமான காரணம் ஒரு தவறான கருத்து. ஃபீபஸ் லெவீன் என்ற வேதியியலாளர் டி.என்.ஏ-வின் கட்டுமானப் பொருள்களைச் சரியாகக் கண்டுபிடித்தவர். ஆனால் நான்கு காரங்களும் சம அளவில், ஒரே வரிசையில் மறுபடி மறுபடி வருகின்றன என்று அவர் கருதினார். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தால் அதில் எந்தச் செய்தியையும் வைக்க முடியாது. புரதத்தில் 20 வகை அமினோ அமிலங்கள் இருக்கின்றன, அவற்றை எந்த வரிசையிலும் அடுக்கலாம். ஆகவே மரபுப் பண்பைக் கடத்துவது புரதமாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலானவர்கள் நம்பினார்கள்.

நம்பிக்கை மெதுவாகத்தான் உடைந்தது. 1928-ல் ஃபிரெடரிக் கிரிஃபித், இறந்துபோன பாக்டீரியாவில் இருந்த ஏதோ ஒன்று உயிருள்ள பாக்டீரியாவின் பண்பை மாற்றுவதைக் கண்டார். 1944-ல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்டி மூவரும் அந்த 'ஏதோ ஒன்று' டி.என்.ஏ என்று காட்டினார்கள். 1952-ல் ஹெர்ஷியும் சேஸும் வைரஸ்களின் டி.என்.ஏ-வுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸையும் புரதத்துக்குக் கதிரியக்கக் கந்தகத்தையும் அடையாளமாக வைத்து, பாக்டீரியாவுக்குள் நுழைவது பெரும்பாலும் டி.என்.ஏ என்று காட்டிய பிறகு, எதிர்ப்பு கிட்டத்தட்ட அடங்கியது. பாடநூல்கள் இந்தச் சோதனைகளை விரிவாகவே சொல்கின்றன. நான் நிறுத்திப் பேச விரும்புவது, அவ்வளவாக கவனம் பெறாத எர்வின் சார்காஃப் செய்த வேலையைப் பற்றி.

1940-களின் கடைசியில் சார்காஃப் வெவ்வேறு உயிரினங்களின் டி.என்.ஏ-வை எடுத்து நான்கு காரங்களையும் பொறுமையாக அளந்தார். முதலில் தெரிந்தது, நான்கும் சம அளவில் இல்லை. லெவீனின் கருத்து அங்கேயே விழுந்தது. இரண்டாவது, அளவுகள் இனத்துக்கு இனம் மாறுகின்றன. மூன்றாவதுதான் விசித்திரம். எந்த உயிரினமாக இருந்தாலும் அடினைனும் தைமினும் ஏறக்குறையச் சமம், குவானைனும் சைட்டோசினும் ஏறக்குறையச் சமம். மனித டி.என்.ஏ-வில் முதல் இரண்டும் தலா 30 சதவீதம் அளவில் இருக்கும், அடுத்த இரண்டும் தலா 20 சதவீதம் அளவில். இப்போது இதை 'சார்காஃப் விதி' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அன்று அது விடை தெரியாத புதிர். ஏன் சமமாக இருக்க வேண்டும் என்று சார்காஃபுக்கே தெரியவில்லை.

எக்ஸ் கதிர் சொன்னது, மாதிரி சொன்னது

1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில், ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் வழிகாட்டுதலில் அவருடைய ஆய்வு மாணவர் ரேமண்ட் காஸ்லிங், ஈரப்பதம் மிகுந்த டி.என்.ஏ நாரின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி ஒரு படம் எடுத்தார். '51-ஆம் படம்' என்று பிறகு புகழ்பெற்றது அது. நடுவில் பெருக்கல் குறி போல விழுந்த புள்ளிகள், மூலக்கூறு சுருள் வடிவம் என்பதைக் காட்டின. புள்ளிகளின் இடைவெளியிலிருந்து ஒரு சுற்றின் நீளம் 3.4 நானோமீட்டர் என்றும், காரங்களுக்கு இடையிலான தூரம் 0.34 நானோமீட்டர் என்றும் கணக்கிட முடிந்தது. ஒரு சுற்றுக்குப் பத்து ஜோடி என்று நாம் எழுதுவது இந்த இரண்டு எண்களையும் வகுத்து வந்ததுதான். (செல்லுக்குள் இருப்பதுபோல் நீரில் கரைந்த நிலையில் அது பத்தரையை ஒட்டி இருக்கும்.) பாஸ்பேட்டுகள் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதையும் ஃபிராங்க்ளின் சொல்லிவிட்டார். பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. அவற்றை உள்ளே நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று தள்ளும். வெளியே இருந்தால் சுற்றியிருக்கும் நீரோடு ஒத்துப்போகும். லைனஸ் பாலிங் போன்ற பெரிய வேதியியலாளரே 1953 தொடக்கத்தில் பாஸ்பேட்டை உள்ளே வைத்து மூன்று இழை மாதிரி ஒன்றை வெளியிட்டுத் தவறினார். 1951-ல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் கட்டிய முதல் மாதிரியிலும் இதே பிழை இருந்தது.

ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமலேயே 51-ஆம் படத்தை அதே கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர் மாரிஸ் வில்கின்ஸ் 1953 ஜனவரியில் வாட்சனுக்குக் காட்டினார். ஃபிராங்க்ளினின் அளவீடுகள் இருந்த ஓர் அறிக்கையும் கேம்பிரிட்ஜில் கிரிக்கின் கைக்கு வந்தது. அந்த அளவீடுகளில் இருந்த சமச்சீரைப் பார்த்து, இரண்டு இழைகளும் எதிரெதிர் திசையில் ஓட வேண்டும் என்று கிரிக் புரிந்துகொண்டார்.

மிஞ்சியது நடுப்பகுதி. காரங்கள் எப்படி இணைகின்றன? அடினைனும் குவானைனும் பியூரின்கள், இரண்டு வளையம் கொண்டவை. தைமினும் சைட்டோசினும் பிரிமிடின்கள், ஒரே வளையம். இரண்டு பியூரின்கள் எதிரெதிரே வந்தால் சுருள் அந்த இடத்தில் புடைக்கும், இரண்டு பிரிமிடின்கள் வந்தால் ஒடுங்கும். எக்ஸ் கதிர்ப் படமோ அகலம் முழுதும் ஒரே சீர் என்கிறது. எனவே ஒரு பெரியதும் ஒரு சிறியதும் சேர வேண்டும். சரி, அப்படியென்றால் அடினைனும் சைட்டோசினும் சேரலாமே? அளவு பொருந்தும், ஆனால் ஹைட்ரஜன் தரும் இடமும் பெறும் இடமும் நேருக்கு நேர் வராது. அடினைனுக்குத் தைமின் மட்டுமே சரியாக வாய்க்கிறது, குவானைனுக்குச் சைட்டோசின் மட்டுமே.

இந்த முடிவுக்கு வருவதற்கு ஒரு தடை இருந்தது. அக்கால நூல்களில் குவானைன், தைமின் இரண்டின் வடிவமும் தவறாக, ஹைட்ரஜன் அணு வேறு இடத்தில் இருப்பதுபோல் அச்சாகியிருந்தது. வாட்சன், கிரிக் இருவரோடும் ஒரே அறையில் வேலை செய்த ஜெர்ரி டோனஹ்யூ என்ற வேதியியலாளர் அதைச் சுட்டிக்காட்டினார். திருத்திய வடிவத்தை அட்டையில் வெட்டி நகர்த்திப் பார்த்தபோது, அடினைன்–தைமின் ஜோடியும் குவானைன்–சைட்டோசின் ஜோடியும் ஒரே அகலத்தில் வந்து நின்றன. சார்காஃபின் புதிருக்கும் அந்த நொடியில் விடை கிடைத்தது. ஒரு பக்கம் அடினைன் இருந்தால் மறுபக்கம் தைமின் கட்டாயம் என்றால், இரண்டின் எண்ணிக்கையும் சமமாகத்தானே இருக்க முடியும்?

1953 ஏப்ரல் 25-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் வாட்சன்–கிரிக் கட்டுரை வந்தது. அதோடு வில்கின்ஸ் குழுவின் கட்டுரையும், ஃபிராங்க்ளின்–காஸ்லிங் கட்டுரையும் வந்தன. ஃபிராங்க்ளின் 1958-ல் தம் 37-ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். 1962-ல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது. பாடப்புத்தகத்தில் 'வாட்சன் – கிரிக் மாதிரி' என்ற தலைப்பின் கீழ் ஃபிராங்க்ளினுக்கும் சார்காஃபுக்கும் சில வரிகளாவது கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அவர்கள் அளந்த எண்கள் தெரியாமல் மாதிரி எங்கிருந்து வந்தது என்பதே மாணவருக்குப் புரியாது.

முறுக்கிய ஏணி எங்கே பொருந்தவில்லை

வகுப்பில் டி.என்.ஏ-வை முறுக்கிய ஏணி என்றுதான் சொல்லித்தருகிறோம். தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் அதையே பிடித்துக்கொண்டால் மூன்று விஷயங்கள் தவறாகப் பதிந்துவிடும்.

ஏணியில் படிகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். டி.என்.ஏ-வில் இல்லை. தட்டையான காரங்கள் 0.34 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கியிருக்கின்றன, நடுவே நீர்கூட நுழைவதில்லை. இரட்டைச் சுருள் நிலைத்து நிற்பதற்கு ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். இந்த அடுக்கு தரும் வலு அதைவிடக் குறைந்ததல்ல, பெரும்பாலும் அதிகம். ஹைட்ரஜன் பிணைப்பின் தனிச்சிறப்பு யாருக்கு யார் ஜோடி என்று பிரித்தறிவதில் இருக்கிறது.

அடுத்தது, சுருளின் வெளிப்புறத்தில் ஓடும் இரண்டு பள்ளங்கள். ஒன்று அகலம், ஒன்று குறுகல். பல பாடப்புத்தகப் படங்களில் இரண்டும் சமமாகவே வரையப்பட்டிருக்கும். அகலமான பள்ளத்தின் வழியாகக் காரங்களின் ஓரங்கள் வெளியே தெரியும். மரபணுவை இயக்கும் பல புரதங்கள் சுருளைப் பிரிக்காமலேயே அந்தப் பள்ளத்தில் பொருந்தி வரிசையைப் படிக்கின்றன. இந்தப் பள்ளம் இல்லாவிட்டால் எந்த மரபணுவை இயக்குவது என்று தேடும் ஒவ்வொரு முறையும் இழைகளைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஏணியின் சட்டமும் படியும் ஒரே மரத்தால் ஆனவை. இங்கே அப்படியில்லை. இழையின் நீளவாக்கில் சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் இணைப்பது வலுவான சகப்பிணைப்பு. இழைகளுக்குக் குறுக்கே இருப்பது எளிதில் விடும் ஹைட்ரஜன் பிணைப்பு. ஆய்வகத்தில் டி.என்.ஏ-வை 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும், ஆனால் ஒவ்வோர் இழையும் அறுபடாமல் வரிசை மாறாமல் இருக்கும். ஆறவிட்டால் மறுபடி ஜோடி சேரும். டி.என்.ஏ-வைப் பல மடங்கு பிரதியெடுக்க 1983-ல் கேரி மல்லிஸ் உருவாக்கிய பி.சி.ஆர் முறை முழுக்க இதை நம்பித்தான் நடக்கிறது. செய்தி அழியாமல் இருக்க வேண்டும், அதே நேரம் படிக்கவும் பிரதி எடுக்கவும் திறக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் இரண்டு வகைப் பிணைப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. விடைத்தாளில் சிலர் 'குவானைனும் சைட்டோசினும் முப்பிணைப்பால் இணைந்துள்ளன' என்று எழுதுவார்கள். அது முழுத் தவறு. அங்கே இருப்பவை மூன்று தனித்தனி ஹைட்ரஜன் பிணைப்புகள். முப்பிணைப்பு என்றால் இழைகள் பிரியவே பிரியாது.

எதிரெதிர் திசை தரும் தொல்லையும் லாபமும்

இரண்டு இழை எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். ஓர் இழையின் வரிசை தெரிந்தால் மற்றதை எழுதிவிடலாம். ஆகவே இழைகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் புதிய துணையைக் கட்டினால், முதலில் இருந்ததைப் போலவே இரண்டு கிடைத்துவிடும். 1958-ல் மெசல்சனும் ஸ்டாலும் கனமான நைட்ரஜனில் வளர்த்த பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, அடுத்த தலைமுறை டி.என்.ஏ-வின் எடை சரியாக நடுவில் இருப்பதைக் காட்டினார்கள். ஒவ்வொரு பிரதியிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. இரண்டு இழை இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒன்று சேதமானால் மற்றதைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

படத்தில் 5' என்றும் 3' என்றும் குறிக்கிறோமே, அது சர்க்கரையில் உள்ள கார்பன் அணுக்களின் எண். ஓர் இழை மேலிருந்து கீழாக 5'-லிருந்து 3'-க்கு ஓடினால், எதிர் இழை கீழிருந்து மேலாக ஓடும். இப்போது சிக்கல் வருகிறது. புதிய இழையைக் கட்டும் டி.என்.ஏ பாலிமரேஸ் என்ற நொதி 3' முனையில் மட்டுமே சேர்க்கும். சுருள் பிரிந்துகொண்டே போகும்போது ஒரு பக்கம் தடையின்றிக் கட்டலாம். மறுபக்கம் பின்னோக்கித்தான் கட்ட முடியும், அதனால் துண்டு துண்டாகக் கட்டி பிறகு ஒட்ட வேண்டும். இந்தத் துண்டுகளை 1960-களில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியத் தம்பதியரான ரெய்ஜி ஒகசாகியும் சுனெகோ ஒகசாகியும். அவர்கள் பெயரால்தான் அவை ஒகசாகி துண்டுகள்.

ஏன் இந்தத் தொல்லை? 5' முனையிலும் சேர்க்கும் நொதி ஒன்று இருந்தால் எளிதாக இருக்குமே? எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான், இதற்கு அழகான விடையும் இருக்கிறது. இழையின் ஓர் அலகான (காரம், சர்க்கரை, பாஸ்பேட் சேர்ந்தது) ஒவ்வொரு புதிய நியூக்ளியோடைடும் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வருகிறது. அவற்றில் இரண்டு கழலும்போது வரும் ஆற்றலில்தான் பிணைப்பு உருவாகிறது. 3' பக்கம் வளரும்போது இந்த ஆற்றல் புதிதாக வரும் நியூக்ளியோடைடிடம் இருக்கிறது. தவறான ஒன்று சேர்ந்துவிட்டால் நொதி அதை வெட்டியெறியும், அடுத்து வருவது தன் ஆற்றலோடு வரும், வேலை தொடரும். 5' பக்கம் வளர்வதாக இருந்தால் ஆற்றல் இழையின் நுனியிலேயே இருந்திருக்கும். தவறை வெட்டினால் ஆற்றலும் போய்விடும், இழை அதோடு நின்றுவிடும். ஆக, பிழை திருத்தும் வசதிக்குக் கொடுக்கும் விலை ஒகசாகி துண்டுகள் என்று பார்க்கலாம். பாலிமரேஸ் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒரு முறை தவறான எழுத்தை, அதாவது தவறான காரத்தைச் சேர்க்கும். உடனடித் திருத்தமும் பிறகு நடக்கும் பொருத்தச் சோதனையும் சேர்ந்து, கடைசியில் நிற்கும் பிழை நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்கிவிடுகிறது.

தைமின் எதற்கு?

'டி.என்.ஏ-வில் தைமின், ஆர்.என்.ஏ-வில் யுராசில்' என்று வேறுபாட்டு அட்டவணையில் எழுதுகிறோம். இரண்டும் அடினைனோடு ஒரே மாதிரிதான் ஜோடி சேர்கின்றன. தைமின் என்பது ஒரு மெத்தில் குழு கூடுதலாக உள்ள யுராசில், அவ்வளவுதான். அதைத் தயாரிக்கச் செல் கூடுதலாகச் செலவழிக்கிறது. எதற்காக?

சைட்டோசின் நீரோடு வினைபுரிந்து தானாகவே யுராசிலாக மாறும் இயல்புடையது. ஒரு மனிதச் செல்லில் இது நாள்தோறும் நூறு முறை அளவில் நடக்கிறது. டி.என்.ஏ-வில் யுராசிலும் இயல்பான எழுத்தாக இருந்தால், ஒரு யுராசிலைப் பார்த்ததும் அது முதலிலிருந்தே அங்கே இருந்ததா, சைட்டோசின் கெட்டு வந்ததா என்று தெரியாது. தைமின் இருப்பதால் அந்தச் சந்தேகமே இல்லை. டி.என்.ஏ-வில் யுராசில் எங்கே தென்பட்டாலும் அது சேதம்தான். அதை வெட்டியெடுப்பதற்கென்றே தனி நொதி இருக்கிறது. ஆர்.என்.ஏ கொஞ்ச நேரம் பயன்பட்டு அழிந்துவிடும், அதற்கு இவ்வளவு காவல் தேவையில்லை.

சர்க்கரையிலும் இதே கதைதான். ரைபோஸில் 2' கார்பனில் ஓர் ஆக்சிஜன் உண்டு, டீஆக்ஸிரைபோஸில் இல்லை. அந்த ஆக்சிஜன் பக்கத்துப் பாஸ்பேட் பிணைப்பைத் தாக்கி இழையை அறுத்துவிடக்கூடியது. அது இல்லாததால் டி.என்.ஏ நீண்ட காலம் தாங்குகிறது. வடக்கு கிரீன்லாந்தின் உறைந்த மண்ணிலிருந்து சுமார் 20 லட்சம் ஆண்டு பழமையான டி.என்.ஏ துண்டுகளைப் படித்ததாக 2022-ல் அறிவித்தார்கள்.

இவ்வளவு நீளமான மூலக்கூறை உட்கருவில் எப்படி அடக்குவது என்பதற்கு ஒரு பத்தி போதும். ஒரு மனிதச் செல்லின் 46 குரோமோசோம்களில் உள்ள டி.என்.ஏ-வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும், உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. எதிர்மின்னேற்றம் கொண்ட டி.என்.ஏ, நேர்மின்னேற்றம் கொண்ட ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொள்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு தொகுப்பைச் சுற்றி 147 ஜோடிகள். இந்தச் சுற்று இறுக்கமாக இருக்கும் இடத்தில் மரபணுவைப் படிப்பது கடினம், தளர்ந்த இடத்தில் எளிது. இந்த ஒரு குறிப்பை மனதில் வைத்துக்கொண்டால் மரபணுவுக்குப் போகலாம்.

மெண்டலின் சுருங்கிய பட்டாணிக்குள்

'ஒரு பண்பைத் தீர்மானிக்கும் டி.என்.ஏ-வின் ஒரு பகுதி மரபணு' என்பது பள்ளியில் எழுதும் வரையறை. இதை வெறும் வரியாக விட்டால் மெண்டலின் காரணி ஓர் அத்தியாயத்திலும், ஏ, டி, ஜி, சி எழுத்துகள் இன்னோர் அத்தியாயத்திலும் கிடக்கும். இரண்டையும் சேர்க்க மெண்டலின் பட்டாணியே கைகொடுக்கிறது. உருண்டை விதை ஓங்கு பண்பு, சுருங்கிய விதை ஒடுங்கு பண்பு என்று எல்லோரும் படித்ததுதான். அதற்குப் பின்னால் இருக்கும் மரபணு எது என்று 1990-ல் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்து மூலக்கூறில் கிளைகளை உண்டாக்கும் ஒரு நொதிக்கான மரபணு அது. சுருங்கிய வகையில் அந்த மரபணுவின் நடுவே சுமார் 800 எழுத்து நீளமுள்ள ஓர் அன்னியத் துண்டு புகுந்துவிட்டது. நொதி வேலை செய்யவில்லை. சர்க்கரை மாவுச்சத்தாக மாறாமல் தேங்குகிறது. சர்க்கரை மிகுந்தால் வளரும் விதை நீரை அதிகம் இழுத்து உப்பும். முற்றிக் காயும்போது அந்த நீர் போய்த் தோல் சுருங்கும்.

இதில் ஓங்கு, ஒடுங்கு என்பதன் பொருளும் வெளிப்படுகிறது. ஓங்கு மரபணு ஒடுங்கு மரபணுவை அடக்கிவைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே யாரும் யாரையும் அடக்கவில்லை. இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தாலே விதை உருண்டையாக வருவதற்குத் தேவையான நொதி கிடைத்துவிடுகிறது. இரண்டும் கெட்டால்தான் குறை வெளியே தெரியும்.

ஒரே ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் சோகை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில் 438 எழுத்துகள். ஆறாவது இடத்தில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டியது ஜி-டி-ஜி ஆகிவிட்டால், குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காரும். குளூட்டமிக் அமிலம் நீரை நாடும், வாலின் நீரை விலக்கும். ஆக்சிஜன் குறையும்போது மாறிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைக்கின்றன. ஒரு பிரதி மட்டும் மாறியவர்களுக்கு இரண்டு வகை ஹீமோகுளோபினும் உருவாகிறது. நோய் பெரும்பாலும் வருவதில்லை, கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. அப்படியானால் இந்த மரபணு ஓங்கா, ஒடுங்கா? நோயைப் பார்த்தால் ஒடுங்கு. புரதத்தைப் பார்த்தால் இரண்டும் சமமாக வெளிப்படுகின்றன. விடை நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

438 எழுத்து என்றேன். ஆனால் குரோமோசோமில் அந்த மரபணுவின் நீளம் சுமார் 1,600. மீதி எங்கே போயிற்று? 1977-ல் ஃபிலிப் ஷார்ப் குழுவும் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவும் தனித்தனியே கண்டது இதைத்தான். மரபணு நடுநடுவே இன்ட்ரான்கள் என்ற, புரதமாக மாறாத பகுதிகளால் துண்டாகியிருக்கிறது. முழுவதும் ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கப்பட்ட பிறகு இன்ட்ரான்கள் வெட்டப்பட்டு மீதி ஒட்டப்படுகிறது. தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் மரபணு 20 லட்சம் எழுத்துக்கும் மேல். வெட்டி ஒட்டிய பிறகு மிஞ்சும் ஆர்.என்.ஏ சுமார் 14,000 எழுத்துதான். பல மரபணுக்களில் ஒட்டும் விதத்தை மாற்றி ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களும் உருவாகின்றன. மனிதனிடம் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. 300 கோடி எழுத்துகளில் புரதமாக மாறும் பகுதி இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

'இதற்கு ஒரு மரபணு' என்ற பழக்கம்

உயரத்துக்கு ஒரு மரபணு, கண் நிறத்துக்கு ஒரு மரபணு, நாக்கை உருட்டுவதற்கு ஒரு மரபணு என்று பேசும் பழக்கம் வகுப்பறையிலிருந்தே தொடங்கிவிடுகிறது. நாக்கு உருட்டுவதை எளிய ஓங்கு பண்பாக 1940-ல் முன்வைத்தது ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டிவன்ட். ஒரே டி.என்.ஏ கொண்ட இரட்டையர்களிலேயே ஒருவர் உருட்டுகிறார், மற்றவரால் முடியவில்லை என்று 1950-களிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த உதாரணம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பெற்றோரால் முடிகிறது, என்னால் முடியவில்லையே என்று ஒரு குழந்தை வீணாகக் குழம்பக்கூடும். இதைக் கைவிட வேண்டும். உயரத்தோடு தொடர்புள்ளதாக 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டிய இடங்கள் 12,000-க்கும் மேல். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது, அதோடு ஊட்டச்சத்தும் சேர்கிறது.

இன்னொரு தவறான எண்ணம், கல்லீரல் செல்லில் கல்லீரல் மரபணுக்கள் மட்டும் இருக்கும், கண் செல்லில் கண் மரபணுக்கள் மட்டும் இருக்கும் என்பது. முதிர்ந்த சிவப்பணு போன்ற சில விதிவிலக்குகளை விட்டுவிட்டால் உடலின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ-தான். எது படிக்கப்படுகிறது, எது இறுக்கமாகச் சுற்றி வைக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

படிப்பதா வேண்டாமா என்ற உத்தரவும் டி.என்.ஏ-விலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதியை எடுத்துக்கொள்வோம். பாலூட்டிகளின் குட்டிகளில் இந்த மரபணு நன்றாக வேலை செய்யும், பால்குடி மறந்த பிறகு வேகம் குறைந்துவிடும். மனிதர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு அப்படியே. சிலருக்கு மட்டும் வயது வந்த பிறகும் குறையாமல் தொடர்கிறது. இரண்டு வகையினரிடமும் நொதி ஒன்றேதான், மரபணுவின் புரதப் பகுதியில் இதற்குக் காரணமான மாற்றம் எதுவும் இல்லை. மாற்றம் அங்கிருந்து ஏறத்தாழ 14,000 எழுத்துக்கு முன்னால், பக்கத்து மரபணு ஒன்றின் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. ஐரோப்பிய வழியினரிடம் அந்த இடத்தில் ஒரு சி, டி ஆகியிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் கால்நடை வளர்ப்போரிடம் அதே பகுதியில், சற்றுத் தள்ளி, வேறு எழுத்துகள் தனியாக மாறியிருக்கின்றன. இப்போது வரையறைக்குத் திரும்பி, லாக்டேஸ் மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேளுங்கள். புரதத்துக்கான எழுத்துகள் மட்டும் என்றால், பண்பைத் தீர்மானித்த எழுத்து அதற்கு வெளியே நிற்கிறது. அதையும் சேர்த்தால், ஒரு மரபணுவின் பகுதி இன்னொன்றின் உள்ளே இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் தாங்கள் எதை அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டு விதமாகவும் எல்லை போடுகிறார்கள். இதைப் பத்தாம் வகுப்பு மாணவரிடமும் அப்படியே சொல்லலாம்.